ஊவாவில் வெள்ளி ரூபா வேரூன்றிய வரலாறு

நாணயம் என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. அரசு முத்திரையிட்ட காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். காசு என்பது தன்னளவில் ஓர் உலோகத்துண்டே. இன்று அதை வாங்குவோன், நாளை மற்றொருவன் தன்னிடமிருந்து அதை மறுப்பின்றி வாங்குவான் என்று நம்புகின்றான். அந்நம்பிக்கையே உலோகத்தைப் பணமாக்குகின்றது. அந்நம்பிக்கை அரசனுடைய ஆணையினாற் பிறக்கின்றதா, மக்களுடைய வழக்கினாற் பிறக்கின்றதா என்பது பழைய வினா. பதுளையையும் அப்புத்தளையையும் தன்னகத்தே கொண்ட ஊவா நாட்டின் பணவரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடையொன்றைத் தருகின்றது. அவ்விடையின் அருமையை உணர்தற்கு, இதற்கு நேர்மாறான வரலாறு ஒன்றை முதலில் நோக்குதல் நன்று.

எட்கார் மன்னனின் சீர்திருத்தம்

ஆங்கிலோ-சாக்சன் மன்னருள் ஒருவனாகிய எட்கார் 959 முதல் 975 வரை இங்கிலாந்தை ஆண்டான். அவன் ஆட்சியின் இறுதிப் பகுதியில், ஏறக்குறைய 973 ஆம் ஆண்டில், அந்நாட்டு நாணயம் முழுவதும் புதுக்கப்பட்டது. அதற்கு முன்னர் வழங்கிய வெள்ளிப் பென்னிகள் இடத்துக்கிடம் வடிவில் வேறுபட்டிருந்தன. புதிய பென்னி நாடெங்கும் ஒரே வடிவினது. அதன் ஒருபுறத்தில் மன்னனின் உருவமும் ஆங்கிலேயர் அரசன் என்னும் பட்டமும் இருந்தன. மறுபுறத்தில் நடுவே சிறு சிலுவையொன்றும், அதைச் சுற்றி அக்காசை அடித்த கம்பட்டக்காரனின் பெயரும் அவனது ஊர்ப்பெயரும் பொறிக்கப்பட்டன. ஆகவே, எடை குறைந்த காசொன்று கைக்கு வந்தால் குற்றவாளி யாரென்பதை அக்காசே காட்டிக்கொடுக்கும். எட்காருக்கு முன் ஆண்ட அதெல்ஸ்தான் மன்னனின் சட்டம், கள்ளத்தனஞ் செய்த கம்பட்டக்காரனின் கையை வெட்டி, அவனது அக்கசாலையின் மேலேயே பொருத்திவைக்குமாறு விதித்திருந்தது.

எட்காருக்குப் பின்னர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காசின் வடிவம் மாற்றப்பட்டது. பழைய காசை அக்கசாலையிற் கொடுத்துப் புதிய காசை வாங்குதல் வேண்டும். புதிய அச்சுக்களைப் பெறுவதற்குக் கம்பட்டக்காரர் அரசனுக்குப் பணஞ் செலுத்தினர். அச்செலவு முடிவில் காசு மாற்ற வந்த குடியானவன் தலையிலேயே விழுந்தது. எதெல்ரெட் மன்னன் காலத்தில் அறுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் அக்கசாலைகள் இயங்கின. ஐரோப்பாவில் அக்காலத்தே இதற்கு ஒப்பான ஒழுங்கு அரிது.

ஆயின் அவ்வொழுங்கு குடிமக்களைக் காக்கவே பயன்பட்டது என்று கொள்ளுதற்கில்லை. 991 ஆம் ஆண்டில் டேனியப் படையினருக்குப் பதினாயிரம் பவுண் கப்பமாகக் கொடுக்கப்பட்டதென அந்நாட்டு ஆண்டுக் குறிப்பு கூறுகின்றது. பவுண் ஒன்றுக்கு 240 பென்னியாதலின், அத்தொகை 24 இலட்சம் வெள்ளிக்காசாகும். அக்காலத்து ஆங்கிலப் பென்னிகள் இங்கிலாந்திற் கிடைத்தவற்றைக் காட்டிலும் மிகுதியாக ஸ்கண்டிநேவிய நாடுகளின் புதையல்களிற் கிடைத்தமைக்கு இக்கப்பமும் ஒரு காரணம். நாணயத்தைச் செம்மை செய்யவல்ல ஆட்சித்திறனே வரியைத் திரட்டவும் வல்லதாயிற்று. அங்கு ஆணை முன்னே சென்றது. மக்கள் அதன் பின்னே சென்றனர்.

ஊவாவின் பழைய சந்தையும் காசும்

எட்கார் மன்னன் வாழ்ந்த அதே பத்தாம் நூற்றாண்டில் ஊவாப் பகுதியில் எழுந்த சாசனம் ஒன்று இன்றும் உள்ளது. பதுளைத் தூண் கல்வெட்டு என அறிஞர் அதனை வழங்குவர். மகியங்கனைப் பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பதுளைக்குக் கொணரப்பட்டமையால் அது இப்பெயர் பெற்றது. உதயன் என்னும் பெயருடைய சிங்கள மன்னன் மகியங்கனைக்கு வந்தபோது, ஹோபிட்டிகம என்னும் சந்தையூரின் வணிகரும் குடிகளும் அவனிடம் முறையிட்டனர். முன்னர் ஏற்பட்ட விதிகளை மீறி அதிகாரிகள் தம்மை வருத்துகின்றனர் என்பதே அம்முறையீடு. அதனைக் கேட்ட மன்னன், அதிகாரிகள் எவற்றைப் பெறலாம், எவற்றைப் பெறலாகாது என்பதையும், சந்தையில் நிறையும் அளவும் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதையும் கல்லிற் பொறித்து நாட்டுவித்தான். இங்கிலாந்தில் நடந்ததற்கு மாறாக, இங்கே மக்களின் குரல் முதலில் எழுந்தது. அரச ஆணை அதற்கு விடையாக வந்தது.

காசின் வடிவிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. முதலாம் இராசராச சோழன் 985 முதல் 1014 வரை ஆண்டான். அவன் வெளியிட்ட காசுகளில் ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும் அவன் பெயரும் காணப்படுகின்றன. சோழர் ஆட்சியோடு அக்காசு இலங்கையிற் பரவியது. 1070 ஆம் ஆண்டளவில் முதலாம் விசயபாகு சோழரை வென்று பொலன்னறுவையைக் கைப்பற்றினான். எனினும், அவன் வெளியிட்ட காசும், அவனுக்குப் பின் பராக்கிரமபாகு முதலியோர் வெளியிட்ட காசுகளும் அச்சோழ வடிவத்தையே பின்பற்றின. பகைவனை நாட்டைவிட்டு அகற்றிய அரசனும், சந்தை பழகிய காசின் வடிவை அகற்றினானில்லை. சோழர் கல்வெட்டுக்களில் அன்றாடு நற்காசு என்னும் தொடர் வழங்குகின்றது. அந்தந்த நாளிற் செல்லுபடியாகும் நல்ல காசு என்பது அதன் பொருள். கொடுப்போரும் வாங்குவோரும் காசின் தரத்தை எத்துணை விழிப்போடு நோக்கினர் என்பதற்கு அத்தொடரே சான்று.

பிற்காலத்தில் ஊவா கண்டி இராச்சியத்தின் ஒரு பகுதியாயிற்று. 1660 முதல் 1679 வரை அவ்விராச்சியத்திற் சிறையிருந்த ஆங்கிலேயன் இராபர்ட் நொக்ஸ், அங்கு மூவகைப் பணம் வழங்கியதாக எழுதியுள்ளான். ஒன்று போர்த்துக்கேயர் அடித்தது. மற்றொன்று அரசனுக்கே உரிய சிறு பணம். அதனைப் பிறர் அடிப்பின் மரணதண்டனை. மூன்றாவது தூண்டில் முள்ளைப் போல வளைந்த வெள்ளிக் கம்பி. பாரசீகத்து லார் நகரின் பெயரால் இது லாரின் எனப்படும். இதனை அரசன் அனுமதியோடு எவரும் செய்யலாம். விரும்பிய குறியை இடலாம். ஆயினும் அதன் வெள்ளி மிகத் தூயது என்கின்றான் நொக்ஸ். மரணதண்டனையால் காக்கப்பட்ட காசோடு, வெள்ளியின் தூய்மையொன்றையே காவலாகக் கொண்ட காசும் அருகருகே வழங்கின.

வந்தவர் கொணர்ந்த ரூபா

1815 ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அப்போது இலங்கையின் பணநிலை பெருங்குழப்பமாயிருந்தது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற இறைசாலே கணக்குப் பணமாக இருந்தது. இறைசால் ஒன்றுக்குப் பன்னிரண்டு பணம். பணம் ஒன்றுக்கு நான்கு துட்டு. 1821 ஆம் ஆண்டில் நான்காம் ஜோர்ஜ் மன்னனின் தலையும் யானை உருவும் பொறித்த வெள்ளி இறைசால் வெளியிடப்பட்டது. நான்கே ஆண்டுகளில் அக்கொள்கையும் மாறிற்று. 1825 ஆம் ஆண்டில் பவுண், ஷில்லிங், பென்ஸ் என்னும் ஆங்கிலப் பணமே இலங்கையின் பணமென அறிவிக்கப்பட்டது. இறைசால் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என விலை குறிக்கப்பட்டது. எட்கார் மன்னனின் ஆணையைப் போன்றதே இதுவும். ஆயின் எட்காரின் ஆணைக்குக் கிடைத்த வெற்றி இதற்குக் கிட்டவில்லை.

மலைநாட்டில் கோப்பிச் செய்கை பரவியது இதற்குப் பெருங்காரணம். கோப்பித் தோட்டங்களில் வேலைசெய்யத் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கங்காணிமாரின் தலைமையில் வந்தனர். பாக்குநீரிணையைக் கடந்து, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே பல நாள் நடந்து மலையேறினர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். கோப்பிக் காலத்தில் அவர்களுட் பெரும்பாலோர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்தபின் மீண்டும் ஊர் திரும்பினர்.

இத்தகைய மனிதனுக்கு எப்பணம் பயன்படும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் ஈட்டிய கூலி செலவாகும் இடம் அப்புத்தளையன்று. அவனுடைய சொந்த ஊர். கடனை அடைப்பதும், நிலத்தை மீட்பதும், மகளுக்கு மணஞ்செய்வதும் அங்கேதான். அங்கே ஷில்லிங்கை அறிவார் இலர்; ரூபாவை எல்லோரும் அறிவர். 1835 ஆம் ஆண்டிற் கிழக்கிந்தியக் கும்பனியார் பலவகை ரூபாக்களையும் நீக்கி, இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாவை ஏற்படுத்தினர். அதன் எடை 180 கிரெயின். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. எங்கு எடுத்துச் சென்றாலும், தட்டான் உரைத்துப் பார்த்தாலும் அதன் மதிப்புக் குறையாது. காசாகச் செலவிடலாம், வேண்டின் உருக்கி அணியாக்கலாம். வங்கியை அறியாத ஏழைக்கு அதுவே வங்கி.

ஆகவே தொழிலாளர் ரூபாவையே வேண்டினர். அரிசியும் துணியும் இந்தியாவிலிருந்து வந்தமையால் வணிகரும் ரூபாவையே வேண்டினர். 1836 ஆம் ஆண்டில் அரசாங்கம் ரூபாவை இரண்டு ஷில்லிங் வீதம் வழங்க இடமளித்தது. அதன்பின் ஏறக்குறைய முப்பத்துமூன்று ஆண்டுகள் ஒரு வியப்பான நிலை நீடித்தது. அரசாங்கக் கணக்கேடுகளில் பவுணும் ஷில்லிங்கும் எழுதப்பட்டன; தொழிலாளர் கையில் ரூபாவும் அணாவும் புழங்கின. ஏட்டிலிருந்த பணம் ஒன்று. மடியிலிருந்த பணம் வேறு.

இந்த வெள்ளியை மலைநாட்டுக்குக் கொணர்தலும் எளிதன்று. ஆயிரம் ரூபாவின் எடை இருபத்தைந்து இறாத்தலுக்கு மேற்படும். கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை 1893 ஆம் ஆண்டிலேயே அப்புத்தளையை எட்டியது. பதுளையை அடைந்தது 1924 ஆம் ஆண்டில். அதுவரை கணவாய் வழிகளில் மாட்டுவண்டியும் மனிதத் தோளும் சுமந்துவந்த பாரங்களுள் கூலிப்பணமும் ஒன்று.

ரூபாவும் சதமும்

1869 ஆம் ஆண்டு இருவகையில் நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டு யூன் மாதத்தில் இந்திய ரூபாவே இலங்கையின் சட்டப் பணமாக்கப்பட்டது. அதே ஆண்டில் ஊவாவின் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலையிற் செம்மஞ்சட் பொட்டுக்கள் தோன்றின. இலங்கையின் கோப்பியை அடியோடு அழித்த இலைநோயின் முதல் அடையாளம் அதுவே. கோப்பியின் பொருட்டு வந்தோர் கொணர்ந்த நாணயம் அரியணையேறிய ஆண்டிலேயே கோப்பியின் முடிவும் தொடங்கிற்று. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, ரூபா மட்டும் நிலைத்தது.

1871 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திற் பிறந்த மற்றோர் ஆணை, ரூபாவை நூறு சதமாகப் பகுத்தது. 1872 சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ரூபாவைப் பதின்ம முறையிற் பகுத்த முதல் நாடு இலங்கையே. இந்தியா பதினாறு அணாக் கணக்கைக் கைவிட்டு நூறு நயா பைசாவை ஏற்றது 1957 ஏப்பிரல் 1 ஆம் நாளில். அஃதாவது எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர். அக்காலம் முழுவதும் தோட்டத் தொழிலாளி இரு கணக்குகளைப் பயின்றான். தோட்டத்திற் கூலியைச் சதத்தில் எண்ணினான். ஊருக்குத் திரும்பியபின் அதே ரூபாவை அணாவில் எண்ணினான். அணா ஒன்றுக்கு ஆறேகாற் சதம் என்னும் கணக்கை அவனுக்குப் பள்ளிக்கூடம் கற்பிக்கவில்லை, பயணம் கற்பித்தது.

1870 ஆம் ஆண்டுத் திகதியிட்ட புதிய செப்புச் சதங்களில் ஒருபுறம் விக்டோரியா அரசியின் தலையும், மறுபுறம் பனையினத்து மரமொன்றும் இருந்தன. காசின் மதிப்பு ஆங்கிலத்தோடு சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டது. ரூபாக் காசை இலங்கை தனியாக அடிக்கவில்லை. இந்திய ரூபாவே வழங்கியது. பத்து, இருபத்தைந்து, ஐம்பது சத வெள்ளிக்காசுகள் 1892 ஆம் ஆண்டில் வெளிவந்தன.

பழைய பணங்கள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. சில்லறைத் தட்டுப்பாட்டினால் கொழும்பிலுள்ள கோப்பிப் பண்டகசாலைகள் சொந்தமாகச் செப்பு வில்லைகளை அடித்துக் கூலியாகக் கொடுத்துவந்தன. அவற்றுட் சிலவற்றின் மதிப்பு நாலரைப் பென்ஸ். வேறு சிலவற்றின் மதிப்புப் பத்தொன்பது சதம். இவ்விந்தையான தொகைகளுக்குக் காரணம் உண்டு. இறைசாலிற் காற்பங்காகிய மூன்று பணத்துக்கு நாலரைப் பென்ஸ்; இரண்டு ஷில்லிங் ரூபாவிற் கணக்கிட்டால் அதுவே ஏறத்தாழப் பத்தொன்பது சதம். ஒல்லாந்தர் காலத்துக் கூலிக் கணக்கு, ஷில்லிங்கையும் கடந்து சதத்துக்குள்ளும் புகுந்து வாழ்ந்தமை இதனாற் புலனாகும்.

வெள்ளியின் வீழ்ச்சி

வெள்ளியை நம்பிய நாணயத்துக்கு வெள்ளியாலேயே இடர் வந்தது. 1870களில் செர்மனி முதலிய நாடுகள் பொன் நாணயத்துக்கு மாறின; சுரங்கங்களிலிருந்து வெள்ளி மிகுதியாக வெளிவந்தது; அதன் விலை சரிந்தது. 1871 ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபா, 1892 ஆம் ஆண்டளவிற் பதினைந்து பென்சுக்கு இறங்கியது.

அவ்விறக்கத்தால் நயம் பெற்றோர் யார் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. அப்புத்தளைத் தேயிலை இலண்டனில் விற்கப்பட்டது. அதன் விலை பொன்னுக்கு ஈடான பவுணிற் கிடைத்தது. தொழிலாளியின் கூலியோ வெள்ளி ரூபாவிற் கொடுக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஏறக்குறைய முப்பத்துமூன்று சதம். ரூபா இரண்டு ஷில்லிங்காக இருந்தபோது அக்கூலி தோட்ட முதலாளிக்கு எட்டுப் பென்ஸ் செலவு. ரூபா பதினைந்து பென்சாக இறங்கியபோது ஐந்து பென்ஸ் செலவு. தொழிலாளி வாங்கிய சதத்தில் ஒன்றும் குறையவில்லை. அரிசியும் அவனூர்ச் செலவும் ரூபாவிலேயே நடந்தமையால் இழப்பு உடனே அவன் கண்ணுக்குப் புலப்படவுமில்லை. எனினும், எட்டுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட மூன்று பென்ஸ் எங்கோ சேர்ந்தது. அவன் மடியிற் சேரவில்லை. 1893 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் எவரும் வெள்ளி கொடுத்து ரூபா அடித்துக்கொள்ளும் உரிமையை நிறுத்தி, பின்னர் ரூபாவை ஒரு ஷில்லிங் நான்கு பென்சில் நிலைநிறுத்தியது.

வங்கித்தாளும் துண்டும்

வெள்ளியோடு வங்கித்தாளும் வழங்கியது. ஒரியண்டல் வங்கி வெளியிட்ட தாள்கள் இலங்கையெங்கும் செலாவணியில் இருந்தன. கோப்பி அழிவினால் தளர்ந்திருந்த காலத்தில், 1884 ஆம் ஆண்டு மே மாதத்தில், அவ்வங்கி கதவடைத்தது. கையிலுள்ள தாள் வெறுங்காகிதமாகிவிடுமோ என்று நாடு கலங்கியது. தேசாதிபதி சேர் ஆர்தர் ஹமில்டன் கோர்டன், அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பென்று உறுதியளித்தார். அச்சொல்லே கலக்கத்தைத் தணித்தது. அதன்பின் தாட்பணம் வெளியிடும் உரிமையை அரசாங்கம் தானே ஏற்றது. 1885 முதல் அரசாங்கத் தாள்கள் வழங்கலாயின. 1886 ஆம் ஆண்டில் பதுளையைத் தலைநகராகக் கொண்டு ஊவாவைத் தனி மாகாணமாக்கியவரும் இத்தேசாதிபதியே.

தோட்டங்களில் வழங்கிய மற்றொரு தாளும் உண்டு. துண்டு என்பது அதன் பெயர். கங்காணியின் கீழுள்ள தொழிலாளர்மீது இவ்வளவு கடன் உண்டு, அதனைத் தீர்ப்போருக்கு அவர்கள் விடுவிக்கப்படுவர் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. முன்பணமும் வழிச்செலவும் அக்கடனில் ஏறின. தோட்டம் மாறுந்தோறும் கடன் தொகை வளர்ந்தது; அதைக் கொடுத்தவரையும் வாங்கியவரையும் விட்டுத் தொழிலாளியைத் தொடர்ந்தது. வெள்ளி ரூபா தொழிலாளியை ஊருக்கு அழைத்துச் செல்லவல்லது. துண்டு அவனைத் தோட்டத்திற் கட்டவல்லது. இரண்டும் ரூபாவிலும் சதத்திலுமே எண்ணப்பட்டன. 1921 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை விதிக்க வழிசெய்தது.

எட்கார் மன்னனின் பென்னியில் கம்பட்டக்காரன் பெயர் உண்டு. பிழை செய்தவனைத் தேடிப் பிடிக்க அது உதவியது. விக்டோரியா அரசியின் ரூபாவில் அரசியின் பெயர் மட்டுமே உண்டு. அதனை மடியில் முடிந்து, கடல் கடந்து, காடு கடந்து ஊவாவின் உச்சிவரை கொணர்ந்து வழக்கில் நிறுத்தியவர்களின் பெயரை எந்நாணயமும் தாங்கவில்லை. எனினும், இலங்கை இன்றும் ரூபாவென்றும் சதமென்றும் எண்ணுகின்றது. 1825 ஆம் ஆண்டின் ஆணை ஷில்லிங்கை விதித்தது. மக்கள் ரூபாவைத் தெரிந்தனர். 1869 ஆம் ஆண்டின் ஆணை மக்களைப் பின்பற்றியது. நாணயத்துக்கு முத்திரை இடுவது அரசின் தொழில். அதற்கு மதிப்பைத் தருவது உழைத்து அதைப் பெறுவோரின் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு ஈடான கூலியும் நீதியும் அவர்களுக்குக் கிடைக்கப் பின்னும் நெடுங்காலம் சென்றது என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. காசு நல்லதாயிருந்தாற் போதாது. அதைக் கொடுக்கும் கையும் நாணயமுடையதாதல் வேண்டும்.